பச்சோந்திக்குப் பிரசவம்!

பச்சோந்திக்குப் பிரசவம் பார்ப்பார்களா? பார்க்கிறார்கள்! அமெரிக்காவில் பலர் வீட்டில் செல்லமாக வளர்ப்பது ஏமன் தேசத்துப் பச்சோந்தி. தலையில் கொண்டை வைத்த ஜாதி. (நம் ஊர்ப் பச்சோந்தியைப் பிடித்து வளர்க்க ஆசைப்படாதீர்கள், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது.)

ஆண் துணையே இல்லாவிட்டாலும், கோழியைப் போல, இது முட்டையிட்டுவிடும். குஞ்சுதான் வராது. ஒரு தடவைக்கு 30, 40, சில சமயம் 70 கூட!

நாள் நெருங்கினால், எப்போதும் கிளையிலேயே இருப்பது கீழே இறங்கி அலையும். உடனே ஓர் அடி ஆழத்துக்கு ஈர மணல் நிரப்பிய தொட்டியைக் கூண்டில் வைக்க வேண்டும். தோண்டினால் சரியாமல் நிற்கிற ஈரம் போதும்.

அப்புறம் எட்டிப் பார்க்கவே கூடாது! கூண்டைச் சுற்றித் துணி கட்டிவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பாதிக் குழியோடு நிறுத்திவிடும். முட்டை வயிற்றிலேயே தங்கினால் உயிருக்கே ஆபத்து. பகலில் கண்ணை மூடிக்கொண்டு, கிளையைப் பிடிக்கத் தெம்பில்லாமல் கிடந்தால் மிருக வைத்தியரிடம் ஓட வேண்டியதுதான்.

குழியை மூடிவிட்டு மேலேறும்போது வயிறு ஒட்டிப்போயிருக்கும். பாவம், தாகமான தாகம்! கிண்ணத்தில் வைத்தால் குடிக்கத் தெரியாது. இலையில் தெளித்தால் துளித்துளியாக நக்கும். பிறகு விருந்து: சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிய சுவர்க்கோழி!