பழுது பார்க்கும் கைகள் – 11: ஒடுக்கின் வாக்குமூலம்

மேஸ்திரி முதலில் டேங்கைப் பார்த்தார். அடுத்து என்னைப் பார்த்தார். பிறகு ஹேண்டில்பாரைப் பிடித்து இடது பக்கம் முழுக்க ஒடித்தார். கிளட்ச் லீவரைப் பிடித்திருக்கும் கிளாம்ப், டேங்கின் தோளில் இருந்த குழிக்குள் போய் அச்சாக உட்கார்ந்தது.

"லாரி இடிச்சிச்சுன்னா சொன்ன தம்பி?"

"ஆமாண்ணே."

"சரி. நாலு நாள் ஆகும்."

1993. எனக்குப் பதினேழு வயது. வண்டி அப்பாவின் கறுப்பு புல்லட். அவர் மதியத் தூக்கத்தில் இருக்கும்போது சாவியை எடுத்துக்கொண்டு போய், தெருமுனையில் திருப்பும்போது நின்ற இடத்திலேயே சாய்த்துவிட்டேன். 160 கிலோவைத் தாண்டும் வண்டி; சாய ஆரம்பித்தால் பிறகு அதன் இஷ்டம்தான். வீட்டில் சொன்ன கதை வேறு. கடைவாசலில் நிறுத்தியிருந்தேன், லாரிக்காரன் உரசிவிட்டுப் போய்விட்டான். அப்பா நம்பியது போலத்தான் இருந்தது. வடசென்னையில் டி.எச். ரோட்டை ஒட்டிய ஒரு டிங்கர் கொட்டகைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்.

இந்தத் தொடரில் இதுவரை பார்த்த பழுதுகள் எல்லாம் தேய்மானத்தால் வந்தவை. ஒடுக்கு அப்படியல்ல. அது ஒரே நொடியில் நடந்த ஒரு சம்பவம். தகட்டில் எழுதப்பட்ட சம்பவம். அதனால்தான் நல்ல டிங்கர் சுத்தியலை எடுப்பதற்கு முன் அதைப் படிக்கிறார். லாரி உரசியிருந்தால் டேங்கின் அகலமான வயிற்றில்தான் பட்டிருக்கும். கீறல் நீளமாக ஓடியிருக்கும். லாரியின் பெயிண்ட் கொஞ்சமாவது நம் டேங்கில் ஒட்டியிருக்கும். என் டேங்கில் இருந்ததோ, முன் தோளில் கட்டைவிரல் புதையும் அளவுக்கு ஒரு குழி, அதன் நடுவில் பிறை போல ஒரு வெட்டு. சாய்ந்த வண்டியின் ஹேண்டில்பார் தரையில் மோதி, வளைந்து, தன் கிளாம்பாலேயே தன் டேங்கைக் குத்தியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவருக்கு அதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை.

ஒடுக்கு என்ற சொல் பாத்திரத்திலிருந்து வந்தது. ஈயம் பூசவும் ஒடுக்கு எடுக்கவும் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போனவர்களிடம் நம் பாட்டிமார்கள் பித்தளைக் குடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். குடத்துக்கு வாய் உண்டு. உள்ளே வளைந்த கம்பியை விட்டுத் தட்டலாம். பெட்ரோல் டேங்குக்கு இருப்பதோ மூடி திறந்தால் இரண்டு விரல் நுழையும் ஓட்டை. டேங்க் என்பது சுமார் 1 மி.மீ. தடிமனுள்ள இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தி, பாகங்களைச் சேர்த்து வெல்டிங் செய்த கூடு. ஃப்ரேம் பைப்பின் மேல் உட்காருவதற்காக அடியில் சுரங்கம் போல ஒரு பள்ளம் வேறு. கார் கதவில் ஒடுக்கு விழுந்தால் பின்னால் டாலி என்ற இரும்புக் கட்டியை அணைத்துப் பிடித்து முன்னால் தட்டலாம். டேங்கில் பின்பக்கம் என்று ஒன்று கைக்கு எட்டாது.

எட்டாத இடத்துக்கு மூன்று வழி. ஒன்று, அடிப்பக்கச் சுரங்கத்தில் ஒரு சன்னலை வெட்டித் திறந்து, உள்ளே கம்பியை விட்டுத் தட்டி, மறுபடி மூடி வெல்டிங் வைப்பது. பெரிய ஒடுக்குக்கு அந்தக் காலத்து வழி இதுதான். இரண்டாவது, ஒடுக்கின் நடுவில் ஒரு வாஷரையோ கம்பியையோ வெல்டிங்கில் ஒட்டவைத்து வெளியிலிருந்து இழுப்பது. இப்போது ஸ்பாட் புல்லர் என்ற கருவி இதை மின்சாரத்தில் செய்கிறது. மூன்றாவது, பெயிண்ட் உடையாத, மழுங்கலான ஒடுக்காக இருந்தால் பசையால் ஒரு பிளாஸ்டிக் காதை ஒட்டி மெல்ல இழுப்பது. இதில் பெயிண்டும் பிழைத்துக்கொள்ளும். கூர்மையான ஒடுக்குக்கும், வளைவு அதிகமுள்ள தோளுக்கும் பசை வேலைக்காகாது.

மேஸ்திரி இரண்டாவது வழியை எடுத்தார். ஆனால் முதல் நாள் முழுக்க அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான்: டேங்கைக் கழுவினார். பெட்ரோலை வடித்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் குலுக்கி, கொட்டி, மறுபடி நிரப்பி, கொட்டி. எனக்கு அலுப்பாக இருந்தது.

"காலி டேங்குதானேண்ணே?"

"காலி டேங்குதான் தம்பி ஆளைக் கொல்லும்."

அதன் கணக்கு பிறகுதான் புரிந்தது. எரிவது பெட்ரோல் திரவம் அல்ல, அதன் ஆவி. சுமார் மைனஸ் 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றக்கூடிய அளவுக்கு அது ஆவியாகும். சென்னை வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்? காற்றில் அந்த ஆவி 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால் பற்றிக்கொள்ளும். நிரம்பிய டேங்கில் காற்றுக்கு இடமில்லை. வடித்துவிட்ட டேங்கில் ஆவியும் காற்றும் சரியான விகிதத்தில் கலந்து காத்திருக்கும். ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் மூடியைத் திறந்து வெயிலில் வைத்தாலும் அடியில் தங்கிவிடும். அதனால்தான் டேங்கில் நெருப்பு வைப்பதற்கு முன் தண்ணீர் நிரப்புகிறார்கள். வெல்டிங் படும் இடத்தை மட்டும் மேலே வரும்படி சாய்த்து, உள்ளே மிச்சமிருக்கும் வெற்றிடத்தை முடிந்தவரை குறைத்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: டேங்க் வெல்டிங் வீட்டில் முயன்று பார்க்கும் வேலை அல்ல.

இரண்டாம் நாள்தான் சுத்தியலைப் பார்த்தேன். குழியின் நடுவை இழுத்தால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். அவர் ஓரத்தில் தட்டினார். அடி வாங்கும்போது தகடு முதலில் நடுவில் உள்ளே போகிறது. குழி பரவப் பரவ அதைச் சுற்றி வயல் வரப்பு போல ஒரு மேடு எழும்புகிறது. அந்த வரப்புதான் குழியைப் பூட்டிவைத்திருக்கிறது. அதை உடைக்காமல் நடுவை இழுத்தால் குழி இருந்த இடத்தில் ஒரு கூம்பு முளைக்கும். ஆகவே கடைசியில் எழுந்த வரப்பு முதலில் இறங்க வேண்டும். முதலில் விழுந்த நடு கடைசியில் எழ வேண்டும். ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே மறு கையால் வரப்பின் மீது சின்னச் சின்னத் தட்டு. விபத்தைப் பின்னாலிருந்து முன்னால் ஓட்டிப் பார்ப்பது போல இருந்தது.

அதிகம் தட்டினால் வேறு வம்பு வரும். தகடு மெலிந்து பரப்பு கூடிவிடும். கூடிய பரப்புக்கு இடம் போதாமல், எண்ணெய் டின்னின் அடியை அமுக்குவது போல 'டப்' என்று உள்ளே போய் 'டப்' என்று வெளியே வரும். அதைச் சுருக்குவதற்கு ஒரு புள்ளியைச் சிவக்கச் சூடாக்கி ஈரத்துணியால் ஒற்ற வேண்டும். நல்ல கை அந்த நிலைமைக்கே விடாது.

தகடு முக்கால்வாசி எழுந்ததும் அவர் நிறுத்திக்கொண்டார். மிச்சம், பள்ளத்தை நிரப்பும் பட்டிக்கு. நம் ஊரில் பட்டிக்குக் கெட்ட பெயர் உண்டு. 'உள்ளே பூரா பட்டிதான்' என்றால் ஏமாற்று வேலை என்று பொருள். குற்றம் பட்டியுடையது அல்ல, தடிமனுடையது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை அது தகட்டோடு ஒட்டி உழைக்கும். சுத்தியல் வேலையைத் தவிர்க்க ஒரு விரல் தடிமனுக்கு அப்பினால், இன்ஜின் அதிர்விலும் வெயில் சூட்டிலும் பாளமாக விரிசல் விடும். பட்டியோடு கலக்கும் ஹார்ட்னரும் அப்படித்தான், நூற்றுக்கு இரண்டு பங்கு போல இருந்தால் போதும். சீக்கிரம் காயட்டும் என்று கூட்டிக் கலந்தால் சில மாதம் கழித்து ஹார்ட்னரின் நிறம் பெயிண்டுக்கு மேலே கசிந்து வரும்.

பட்டியை இழைக்க உப்புத்தாள். 80-ம் நம்பரில் தொடங்கி 180, 320 என்று ஏறி, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் 600, 800 வரை. தாளை வெறும் விரலால் பிடித்துத் தேய்க்கப் போனேன். கையில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்தார். விரல் தேய்த்தால் விரல் அகலத்துக்கு வாய்க்கால் விழும். நடுவில் கறுப்புப் பெயிண்டை லேசாகத் தூவிவிட்டு மறுபடி தேய்க்கச் சொன்னார். கறுப்பு போகாத இடமெல்லாம் பள்ளம். கடைசிப் பரிசோதனை கண்ணுக்கல்ல, கைக்கு: ஒரு மெல்லிய துணியை விரித்து அதன் மேல் உள்ளங்கையை ஓட்டினார். வெறுங்கை தோலின் உராய்வில் குழம்பிவிடும். துணி இருந்தால் மேடு பள்ளம் மட்டும் தெரியும்.

கீறல்களுக்கு வேறு சட்டம். நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தடுக்காத கீறல் மேல்பூச்சோடு நின்றது. 2000-ம் நம்பர் வாட்டர் பேப்பர், ரப்பிங் காம்பவுண்டு, கொஞ்சம் பொறுமை போதும். நகம் சிக்கினால் நிறம் வரை போயிருக்கிறது. இரும்பு பளிச்சென்று தெரிந்தால் காத்திருக்காதீர்கள், அடுத்த மழைக்கு அங்கே துரு பிடிக்கும். கீறலைத் தடுப்பதற்கென்று ரெக்ஸின் கவர் மாட்டுகிறோமே, பல டேங்குகளை அதுதான் கெடுக்கிறது. உள்ளே புகுந்த மண்துகள் ஒவ்வொரு குலுக்கலிலும் உப்புத்தாளாக வேலை செய்யும். ஸ்பாஞ்சு குடித்த மழைநீர் துருவுக்கு நாற்றங்கால்.

மூன்றாம் நாள் மழைமூட்டம். கம்ப்ரஸரை அவர் தொடவே இல்லை. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, கறுப்பு லேக்கர் பனி பூத்தது போல வெளுத்துவிடுமாம். அன்று அவர் அடித்திருக்க வேண்டிய பெயிண்டுக்குப் பெரிய பரம்பரை உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1923-ல் தன் ஓக்லாண்ட் கார்களுக்கு டூபாண்ட் நிறுவனத்தின் டூக்கோ என்ற லேக்கரைப் பூசியது. அதுவரை வாரக்கணக்கில் காய்ந்த கார் பெயிண்ட் சில மணி நேரத்தில் காய ஆரம்பித்தது. நிறுவனத்தின் சரக்குப் பெயர் நம் ஊர்ப் பட்டறைப் பலகைகளில் தொழிலின் பெயராகவே தங்கிவிட்டது. லேக்கரின் பலவீனம், சிந்திய பெட்ரோல் அதைக் கரைக்கும். இன்றைய ஹார்ட்னர் கலந்த கிளியர் கோட் பெட்ரோலைத் தாங்கும். ஆனால் அதன் புகையில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் குறிவைப்பது, ஆஸ்துமாவை வரவழைக்கும். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. கைக்குட்டை தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

நான்காம் நாள் வெயில். பெயிண்ட் ஏறியது. கறுப்பு மன்னிக்காத நிறம்; டேங்கில் விழும் டியூப் லைட்டின் பிம்பம் நெளியாமல் வளைந்து ஓடினால்தான் வேலை தேறியது. தேறியது. தங்கக் கோடு மட்டும் பாக்கி. மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் 1955-ல் கைகோத்து, எங்கள் பேட்டைக்குப் பக்கத்திலேயே திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கியது. அந்த டேங்குகளின் தங்கக் கோட்டைத் தூரிகை பிடித்த மனிதக் கைகளே போட்டன. மேஸ்திரி கோடு போடுபவரைத் தனியாக வரவழைத்தார். அவர் பீடியை அணைத்தார், மூச்சை அடக்கினார், ஒரே இழுப்பு. ஒடுக்கு விழுந்த பக்கத்துக் கோடு அடுத்த பக்கத்துக் கோட்டைவிட ஒரு நூல் தடிமன். இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

வண்டியை எடுக்க அப்பாவும் வந்தார். டேங்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "லாரிக்காரன் நல்லாத்தான் இடிச்சிருக்கான், இல்ல மேஸ்திரி?" என்றார்.

"ஒடுக்கு எடுத்தாச்சு சார்" என்றார் மேஸ்திரி.

அப்பா வண்டியில் உட்கார்ந்து ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்க ஒடித்தார். கிளாம்புக்கும் டேங்குக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. வளைந்திருந்த ஹேண்டில்பாரை மேஸ்திரி நிமிர்த்தியிருந்தார். நாங்கள் கேட்காத வேலை. பில்லிலும் அது இல்லை.

போன வருடம் அந்த டேங்கை மறுபடி ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் அடித்தகடு உள்ளிருந்து துருப்பிடித்து, ஊசித்துளையில் கசிந்தது. நிறுத்திவைக்கும் பழைய வண்டியின் டேங்கை நிரப்பியே வைக்க வேண்டும் என்பது நான் காசு கொடுத்துக் கற்ற பாடம். எல்லாவற்றையும் சுரண்டிப் புதிதாகப் பூசிவிடலாம் என்றார் பட்டறைக்காரர். பெயிண்ட் உரிந்தது. தோளில் நகத்தின் தடிமனுக்குப் பழைய பட்டி, அதுவும் உதிர்ந்தது. அடியில், தகட்டில், சின்னப் பிறை ஒன்று.

"இங்க ஒரு அடி வாங்கியிருக்கே சார். எதுல இடிச்சது?"

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. மேஸ்திரியின் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஒரு மருந்துக்கடை.

"எதுலயும் இடிக்கல. நின்ன இடத்துலயே நான்தான் சாய்ச்சுட்டேன்" என்றேன்.

(தொடரும்)