முப்பாற்புள்ளி முக்காற்புள்ளி ஆன கதை

மெல்லிசு முதல் தடிப்பு வரை எல்லாப் பருமனும் ஒரே கோப்பில் அடங்கும் 'வேரியபிள்' எழுத்துருவை 2016-இல் அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் நான்கும் சேர்ந்து அறிவித்தன. வரைபவர் இரு முனைகளை மட்டும் வரைந்தால் போதும். இடைப்பட்டதைக் கணினி புள்ளிக்குப் புள்ளி கணக்கிட்டு நிரப்பும். அதற்குப் புள்ளிகளின் எண்ணிக்கையும் வரிசையும் இரண்டிலும் ஒத்துப்போகணும். இல்லேன்னா?

நம்ம ஃ-ஐ எடுத்துக்குங்க. கீழ்வட்டங்கள் மெல்லிசில் இடம்-வலம், தடிப்பில் வலம்-இடம் என வரிசை மாறினால், நட்டநடுப் பருமனில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். முனைகளில் குறையே தெரியாது! 'ஃபான்ட்டூல்ஸ்' சோதனைக் கருவி இந்த வரிசைப் பிசகைப் பிடிச்சிடும். ஆனால் ண-வின் சுழி படிக்கத் தெளிவா இருக்கா என்று அது சொல்லாது. அதற்காக நான் இடைப்பருமன்களையும் அச்சிட்டுப் பார்ப்பேன். வெளிமாநில அச்சகங்களில் தமிழ் படிப்பவர் அபூர்வம். அழைப்பிதழ் அச்சேறுமுன் ஃ, ண, ஞ மூன்றையும் நீங்களே ஒருதரம் பார்த்துடுங்க.