ஃபார்முலாவில் எழுதாத சங்கதிகள்

மே மாதம் ஹைதராபாத்தின் பாலாநகரில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்போது, அங்குள்ள பட்டறைகளில் அளவு எடுப்பதே ஒரு வித்தை. லேத்திலிருந்து இறக்கியதும் ஜாப் கையைச் சுடும். புதிதாகச் சேர்ந்த பையன் அவசரமாக மைக்ரோமீட்டரை வைத்து, அளவு சரி என்று எடுத்து வைத்துவிடுவான். ஆறிய பிறகு அதே ஜாப் ரிஜெக்ட். சூட்டில் விரிந்திருந்த உலோகம் குளிர்ந்ததும் சுருங்கிவிட்டது.

உலகம் முழுவதும் நீள அளவுகளுக்கு வைத்திருக்கும் பொது வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். நூறு மில்லிமீட்டர் எஃகுத் துண்டு 40 டிகிரியில், அந்த வெப்பநிலையில் இருந்ததைவிட ஏறத்தாழ 23 மைக்ரான் நீண்டிருக்கும். அளக்கும் கருவியும் எஃகு என்பதால், இரண்டையும் ஒரே மேசையில் நேரம் கொடுத்துக் கிடத்தினால் பிழை ஒன்றையொன்று அடித்துவிடும். அலுமினியம் என்றால் அதுவும் நடக்காது, ஏனென்றால் அது எஃகைப் போல இரு மடங்கு விரியும். பத்து மைக்ரானுக்குள் முடிக்க வேண்டிய வேலையில் இது பெரிய விஷயம். வரைபடத்தில் அளவு மட்டும்தான் இருக்கும். எப்போது அளக்க வேண்டும் என்பதைச் சொல்லித் தர ஓர் ஆள் வேண்டும்.

ஹைதராபாத் பட்டறைகளில் அந்த ஆளுக்கு உஸ்தாத் என்று பெயர். நம்மூரில் மேஸ்திரி. ஸ்டீலின் ரகம் தெரியாவிட்டால் அதைக் கிரைண்டிங் சக்கரத்தில் ஒரு தட்டுத் தட்டிப் பொறியைப் பார்ப்பார். கார்பன் குறைந்த இரும்பு என்றால் பொறி நீளமாக, அதிகம் கிளைக்காமல் ஓடும். கார்பன் கூடக்கூடப் பூவாணம் போலச் சிதறும். வார்ப்பிரும்பு மங்கிய சிவப்பில் குட்டையாக அடங்கிவிடும். இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் புத்தகம் படித்துக் கண் பழகியவர் யாரும் இல்லை.

பாலாநகர் இப்படிப்பட்ட கைகளால் எழும்பிய இடம். இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் ஏவியானிக்ஸ் பிரிவு 1965 முதல் இங்கே இருக்கிறது. 1968-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஆகியவற்றின் உதவியோடு கருவி வடிவமைப்புக்கான மத்தியப் பயிற்சி நிறுவனம் ஒன்று இங்கே வந்தது. 1970-ல் தொடங்கிய எம்டார் நிறுவனம், இஸ்ரோ ராக்கெட்டுகளின் விகாஸ் இன்ஜினுக்கான பாகங்களை இங்கிருந்துதான் செய்து தருகிறது. இந்தப் பெரிய பெயர்களைச் சுற்றி ஷட்டர் போட்ட சின்னச் சின்ன லேத் கடைகள். ஒரு கடையில் கற்றுக்கொண்டவர் நான்கு கடை தள்ளிச் சொந்தமாக ஷட்டர் திறப்பது இங்கே யாரும் வியக்காத சமாச்சாரம்.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் லேத்தை விட்டு மருந்துக்கு வர வேண்டும். 1961-ல் மத்திய அரசு இந்தியன் டிரக்ஸ் அண்ட் ஃபார்மாசூட்டிகல்ஸ் என்ற நிறுவனத்தை, சுருக்கமாக ஐ.டி.பி.எல்.லைத் தொடங்கியது. சோவியத் உதவியோடு ரிஷிகேஷில் ஆன்டிபயாட்டிக் ஆலை, சென்னை நந்தம்பாக்கத்தில் அறுவைக் கருவி ஆலை, பாலாநகரில் செயற்கை மருந்து ஆலை என்று மூன்று வந்தன. சந்தையில் ஐ.டி.பி.எல். நெடுங்காலம் தாக்குப்பிடிக்கவில்லை. 1992-ல் அதை நலிவுற்ற நிறுவனமாக அறிவித்தார்கள். கணக்குப் புத்தகத்தில் அது தோல்வி. ஆனால் அந்த ஆலைக்குள் வேலை பார்த்தவர்களின் தலைக்குள் இருந்ததை எந்தக் கணக்குப்பிள்ளையும் இருப்பில் காட்டவில்லை.

அவர்களில் ஒருவர் கே. அஞ்சி ரெட்டி. 1969 முதல் 1975 வரை ஐ.டி.பி.எல்.லில் இருந்தார். வெளியே வந்து யூனிலாய்ட்ஸ், பிறகு ஸ்டாண்டர்ட் ஆர்கானிக்ஸ், 1984-ல் டாக்டர் ரெட்டீஸ் லேபரட்டரீஸ். ரத்த அழுத்தத்துக்கான மெத்தில்டோபா என்ற மூலப்பொருளைத் தயாரித்து 1986-ல் மேற்கு ஜெர்மனிக்கு ஏற்றுமதி செய்தது அந்த நிறுவனம். அவர் ஒருவர் மட்டுமல்ல. ஐ.டி.பி.எல்.லில் பழகிய வேதியியலாளர்கள் பலர் இப்படி வெளியேறி, ஜீடிமெட்லாவிலும் சுற்றுவட்டாரத்திலும் ரியாக்டர் போட்டார்கள். ஹைதராபாத் மருந்து மூலப்பொருள்களின் தலைநகரானதற்கு இதுவே வேர்.

இது திருட்டா? சட்டம் அப்போது வேறு மாதிரி இருந்தது. 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, தயாரிக்கும் முறைக்கு மட்டும் தந்தது. அதே மருந்தை வேறு வழியில் செய்தால் தடையில்லை. 2005-ல் பொருளுக்கும் காப்புரிமை வரும்வரை இந்த வாசல் திறந்தே இருந்தது. ஆனால் திறந்த வாசல் இருந்தால் மட்டும் போதாதே. காப்புரிமைத் தாளைப் படித்து மருந்து செய்துவிட முடியுமென்றால் ஊரெல்லாம் மருந்து ஆலைதான் இருந்திருக்கும்.

அரை லிட்டர் குடுவையில் சமர்த்தாக நடக்கும் வினை, ஆயிரம் லிட்டர் கலனில் கட்டுமீறலாம். கொள்ளளவு கூடும் வேகத்தில் சுவர்ப்பரப்பு கூடுவதில்லை, உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வழி குறைகிறது. எந்தப் பொருளை எந்த வேகத்தில் ஊற்றுவது, குளிர்நீரை எந்த நொடியில் திறப்பது, கலக்கியின் சுழற்சியை எப்போது தணிப்பது என்பதெல்லாம் ஷிஃப்டில் நின்றவருக்குத்தான் தெரியும். கடைசியில் படிகம் விழ மறுக்கும்போது, பழைய பேட்ச்சிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போடுவார். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி.

அந்தச் சிட்டிகை எத்தனை வலியது என்பதை 1998-ல் அபாட் நிறுவனம் பட்டுத் தெரிந்துகொண்டது. எச்.ஐ.வி.க்கான ரிட்டோனவிர் மருந்தில், அதுவரை யாரும் பார்த்திராத இன்னொரு படிக வடிவம் திடீரென்று தோன்றியது. அது சரியாகக் கரையாது. அந்தக் காப்ஸ்யூலையே சந்தையிலிருந்து விலக்க வேண்டியதாயிற்று. புதிய வடிவத்தோடு புழங்கிய விஞ்ஞானிகள் இத்தாலி ஆலைக்குச் சென்று வந்த பிறகு அங்கேயும் அது தலைகாட்டியது. ஆள் போனால் அறிவு மட்டுமல்ல, தூசியும் கூடவே போகும் போலிருக்கிறது!

தொழில் தெரிந்தவரைத் தேடிப்போய்க் கற்றுக்கொண்டு வருவது தமிழர்களுக்கும் புதிதல்ல. 1922-ல் சிவகாசியிலிருந்து கல்கத்தா போன அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதை ஊரறிந்தது. அதை யாரும் ரகசியத் திருட்டு என்று சொல்வதில்லை. சொல்லவும் கூடாது.

முதலாளிகள் சும்மா இருப்பார்களா? கல்யாணில் டயர் நூல் தயாரித்த செஞ்சுரி நிறுவனம், ஹாலந்து நாட்டு நிறுவனம் ஒன்றிடமிருந்து ரகசிய உறுதிமொழியோடு தொழில்நுட்பம் வாங்கியது. 1963-ல் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஒருவர், பயிற்சி முடித்த பிறகு கோட்டாவில் உள்ள போட்டி ஆலையில் 560 ரூபாய் சம்பளத்துக்குப் போய்விட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. ஒப்பந்தக் காலம் முடியும்வரை போட்டியாளரிடம் வேலை செய்யக் கூடாது என்ற தடை செல்லும் என்று 1967-ல் தீர்ப்பு வந்தது. ஆனால் வேலைக் காலம் முடிந்த பிறகும் ஒருவரைத் துரத்தும் தடையை நம் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் உள்ள 27-ஆவது பிரிவுதான் காரணம். பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது அது. பழைய சட்டம்தான், ஆனாலும் தொழிலாளிக்கு இன்றும் பெரிய துணை.

இதுவரை சொன்னது கைத்திறன் ரகசியம். உள்ளே இருப்பவருக்கு மட்டும் தெரிந்த இன்னொரு வகையும் உண்டு, அது தப்பு நடக்கும் இடம். ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் வேதிப்பொறியியல் படித்த தினேஷ் தாக்கூர், ரான்பாக்ஸி நிறுவனத்தில் மருந்துச் சோதனைத் தரவுகள் புனையப்படுவதைக் கண்டு 2005-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்குத் தெரிவித்தார். 2013-ல் அந்த நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது. சட்டப்படி அவருக்கும் அதிலிருந்து பெரும் தொகை கிடைத்தது. அந்தச் சட்டம் அமெரிக்காவினுடையது. இங்கே 2014-ல் நிறைவேறிய தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் பொது ஊழியர்கள் மீதான புகார்களுக்கானது, அதுவும் நடைமுறைக்கு வராமல் கிடப்பில் போனது. தனியார் ஆலையில் பேட்ச் ரெக்கார்டைத் திருத்தச் சொல்லும் மேலாளரைப் பற்றி வெளியே சொல்ல நினைக்கும் ஆபரேட்டருக்கு அதில் இடமே இல்லை.

வணிக ரகசியங்களுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டமும் கிடையாது. 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் தனது 289-ஆவது அறிக்கையில் ஒரு வரைவு மசோதாவை முன்வைத்தது. வேலையின் இயல்பான போக்கில் தொழிலாளி பெறும் அனுபவமும் திறமையும் ரகசியமாகக் கருதப்படாது என்கிறது வரைவு. பொதுநலனுக்காகத் தவறை வெளியே சொல்பவருக்கும் விலக்கு உண்டு. சரிதான், ஆனால் குளிர்நீரை எந்த நொடியில் திறப்பது என்பது ஆபரேட்டரின் அனுபவமா, கம்பெனியின் ரகசியமா? மசோதா சட்டமானாலும் அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வழக்கிலும் நீதிபதிதான் கோடு கிழிக்க வேண்டியிருக்கும்.