சிகரெட் காசில் எழுந்த ஓட்டல்

சென்னை கதீட்ரல் ரோட்டில் 1975-ல் தொடங்கிய ‘ஹோட்டல் சோழா’தான் ஐ.டி.சி.யின் முதல் ஓட்டல். 1910-ல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ என்ற பெயரில் பிறந்த நிறுவனம் அது. சிகரெட்டில் பணம் கொட்டியது. ஆனால் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் வரி ஏறும். அரசின் கெடுபிடியும் கூடும். கையில் காசு இருக்கும்போதே வேறு தொழில்களில் காலூன்றிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டது நிர்வாகம்.

கணக்கு எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. கிளாசிக் ஃபைனான்ஸ் என்ற நிதி நிறுவனம் தடுமாறி, 90-களின் பிற்பகுதியில் ஐ.சி.ஐ.சி.ஐ.யிடம் போய்ச் சேர்ந்தது. ‘சன்டிராப்’ சமையல் எண்ணெயும் அதே காலத்தில் கைமாறியது.

காகிதத்தின் கதை வேறு. சிகரெட் பாக்கெட்டுக்கு அட்டை வேண்டும். அதை ஐ.டி.சி.யின் பத்ராசலம் காகித ஆலை தயாரிக்க, அதன் திருவொற்றியூர் அச்சகத்தில் பாக்கெட் அச்சானது. முதல் வாடிக்கையாளர் வீட்டுக்குள்ளேயே இருந்தார்!

2002-ல் ஆசீர்வாத் ஆட்டா, மறு ஆண்டு சன்ஃபீஸ்ட் பிஸ்கட், 2007-ல் பிங்கோ சிப்ஸ், 2010-ல் யிப்பி நூடுல்ஸ். இவற்றுக்கும் சிகரெட்டுக்கும் என்ன உறவு? மூலைமுடுக்குப் பெட்டிக்கடை வரை சிகரெட் கொண்டுபோன விநியோக வலை ஏற்கெனவே இருந்தது. விளைபொருட்களை விவசாயிகளிடமே நேரடியாக வாங்க 2000-ல் தொடங்கிய இ-சௌபால் திட்டம் இருந்தது. அப்படியும் இந்தப் பிரிவு பத்தாண்டுக்கு மேல் நஷ்டத்தில்தான் ஓடியது. 2013-14 நிதியாண்டில்தான் லாபத்தைக் கண்ணில் பார்த்தது, அதுவும் சொற்பமாக. பிஸ்கட் மட்டுமே விற்கும் கம்பெனி என்றால் அதற்குள் கதவைச் சாத்தியிருக்கும்.

சிக்கலும் இங்கேதான். நஷ்டத்தைத் தாங்கும் சிகரெட் பண மடிசீலைக்கு ஆட்டா எது, ஓட்டல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. 2012-ல் கிண்டியில் 600 அறைகளோடு எழுந்த கிராண்ட் சோழாவின் கம்பீரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் பத்தாண்டுகளில் நிறுவனம் செய்த மூலதனச் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழுங்கிய ஓட்டல் பிரிவு, வருமானத்தில் 5 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. பெட்டிக்கடை வலையால் ஓட்டல் அறையை நிரப்ப முடியுமா? சிகரெட் சம்பாதித்த பணம் டிவிடெண்டாக வரவேண்டியது, பளிங்குக்கல்லாக மாறுகிறதே என்ற பங்குதாரர்களின் முணுமுணுப்பில் நியாயம் இருந்தது.

2025 ஜனவரியில் ஓட்டல்கள் தனி நிறுவனமாகப் பிரிந்தன. ஐ.டி.சி.யில் 10 பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஓட்டல் நிறுவனத்தில் ஒரு பங்கு. ஏறக்குறைய 40 சதவீதத்தைத் தாய் நிறுவனமே வைத்துக்கொண்டது. இத்தனைக்குப் பிறகும் லாபத்தில் முக்கால் பங்குக்கு மேல் தருவது சிகரெட்தான். ஓட்டலைப் பிரித்த மூன்று மாதங்களுக்குள்ளேயே, மார்ச் மாதம், பிர்லா குழுமத்தின் செஞ்சுரி காகித ஆலையைச் சுமார் 3,500 கோடி ரூபாய்க்கு வாங்க ஐ.டி.சி. ஒப்பந்தம் போட்டது.