நிலம் எப்படிக் கை மாறியது?

செய்தியில் ‘மேற்குக் கரையில் யூதக் குடியிருப்புகள்’ என்று அடிக்கடி சொல்கிறார்கள். வீடு கட்டுறதுக்கா இவ்வளவு சண்டைன்னு உங்களுக்குத் தோன்றும். நான் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஜோர்டான் ஆற்றுக்கு மேற்கே இருப்பதால் அது மேற்குக் கரை. பாலஸ்தீன மக்கள் ஒலிவ மரம் வளர்க்கும் மலைப்பகுதி. 1967-ல் நடந்த ஆறு நாள் போரில் ஜோர்டானிடமிருந்து இஸ்ரேல் அதைப் பிடித்தது. பிறகு தன் மக்களை அங்கே குடியேற்ற ஆரம்பித்தது.

சரி, அதற்கு நிலம் எப்படிக் கிடைத்தது? முதலில் ராணுவத் தேவை என்று எடுத்தார்கள். எலோன் மோரே என்ற குடியிருப்புக்காக நிலத்தை இழந்தவர்கள் இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்திலேயே வழக்குப் போட்டார்கள். 1979-ல் ‘இது ராணுவத் தேவை இல்லை, நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று தீர்ப்பு வந்தது. ஊர்க்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள்!

ஆனா விஷயம் அதோட முடியலை. துருக்கியர் ஆட்சியில் 1858-ல் போட்ட ஒரு நிலச்சட்டத்தை அரசு கையில் எடுத்தது. தொடர்ந்து மூன்று வருஷம் பயிர் செய்யாமல் விட்ட நிலம் அரசுக்குப் போகும் என்பது அந்தச் சட்டம். அதை வைத்து ஏராளமான இடத்தை ‘அரசு நிலம்’ என்று அறிவித்தார்கள். எங்க தாத்தா காலத்து நிலம்னு சொன்னால் மட்டும் போதாது, ஆதாரம் காட்டணும். ஜோர்டான் காலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்குத்தான் பதிவு முடிந்திருந்தது. மீதிப் பதிவை 1968-ல் இஸ்ரேல் ராணுவம் நிறுத்திவிட்டது. அப்புறம் பத்திரத்துக்கு எங்கே போவார்கள்?

போரில் பிடித்த இடத்தில் தன் மக்களைக் குடியேற்றக் கூடாது என்கிறது 1949-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தம். 2016-ல் ஐ.நா. பாதுகாப்பு சபையில் 14 நாடுகள் இந்தக் குடியிருப்புகள் சட்டவிரோதம் என்று வாக்களித்தன. அமெரிக்கா வாக்களிக்கவில்லை. 2024-ல் சர்வதேச நீதிமன்றமும் அதையே சொன்னது.

இஸ்ரேல் என்ன சொல்கிறது? ‘அது எந்த நாட்டுக்கும் முறைப்படி சொந்தமாக இருந்த இடம் இல்லை. பைபிள் காலத்திலிருந்தே யூதர்கள் வாழ்ந்த பூமி. எங்கள் பாதுகாப்புக்கும் வேண்டும்’ என்கிறது. யூதர்கள் அங்கே வாழ்ந்தது உண்மைதான். அதற்காக இன்றைக்கு அங்கே ஏர் ஓட்டுகிறவர் நிலத்தை இழக்கலாமா?

1993-ல் ஓஸ்லோ ஒப்பந்தம் நடந்தபோது, கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக, சுமார் 1 லட்சம் பேர் குடியேறியிருந்தார்கள். இப்போது 5 லட்சத்துக்கும் மேல்! 2005-ல் காஸாவிலிருந்து சுமார் 8,000 பேரைக் காலி செய்யவே ராணுவம் பெரும்பாடு பட்டது. குடியிருப்பில் பிறந்த குழந்தைக்கு அதுதானே சொந்த ஊர்? அதனால்தான் சொல்கிறேன், பேச்சுவார்த்தை தள்ளிப்போகப் போக பாலஸ்தீனருக்கு நிலமும் குறையும், தீர்வும் கஷ்டமாகும். நீங்களும் சிந்தித்துப் பாருங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி