இல்லாத கேபிளில் ஓடும் இணையம்

ஒரு லினக்ஸ் சர்வரில் நூறு கன்டெய்னர்கள் ஓடுகின்றன என்று வையுங்கள். ஒன்றில் வலைத்தளம், ஒன்றில் தரவுத்தளம், இன்னொன்றில் மின்னஞ்சல். ஒவ்வொன்றும் தனக்கென்று தனி நெட்வொர்க் கார்டும் ஐ.பி. முகவரியும் வைத்திருக்கிறது. பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரே ஒரு கார்டுதான் இருக்கும்! மற்ற தொண்ணூற்றொன்பது எங்கே?

கன்டெய்னர் என்பது பெட்டிக்குள் அடைத்த குட்டிக் கணினி என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது சாதாரண நிரல்தான். அதன் கண்ணுக்கு எது தெரியலாம், எது தெரியக்கூடாது என்று லினக்ஸின் உட்கருவான கர்னல் திரை போடுகிறது. நெட்வொர்க்குக்குப் போடும் திரையின் பெயர் ‘பெயர்வெளி’. 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 கர்னலில் இது மெல்ல உள்ளே நுழைந்தது. கன்டெய்னர்களை இயக்கும் மென்பொருளான டாக்கர் அறிமுகமானது 2013இல். புகழ் டாக்கருக்குப் போனாலும், பாரம் சுமப்பது கர்னல்தான்.

ஒவ்வொரு பெயர்வெளிக்கும் தனி முகவரிகள், தனி வழித்தட அட்டவணை, தனி போர்ட் எண்கள். சாதாரணமாக ஒரே முகவரியில் இரண்டு வலைச் சேவைகள் 80ஆம் போர்ட்டைப் பிடிக்க முயன்றால் இரண்டாவது தோற்றுவிடும். தனித்தனிப் பெயர்வெளிகளில் பத்துச் சேவைகள் பத்து 80ஐச் சண்டையில்லாமல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் புதிதாகப் பிறந்த பெயர்வெளி முழு அநாதை. தன்னோடு தானே பேசிக்கொள்ளும் ‘லூப்பேக்’ மட்டும் அதில் உண்டு. அதுவும் அணைந்தே கிடக்கும்.

அதற்கு வெளியுலகத் தொடர்பு தருவது ‘வெத்’ என்னும் கற்பனைக் கேபிள். இதற்கு இரண்டு முனைகள். ஒன்றைக் கன்டெய்னருக்குள் தள்ளுகிறார்கள், மற்றதை வெளியே வைக்கிறார்கள். ஒரு முனையில் நுழைந்த தரவுப் பொதி மறுமுனையில் வெளிவரும். தாமிரமும் இல்லை, மின் சமிக்ஞையும் இல்லை. நடப்பதெல்லாம் நினைவகத்துக்குள் ஒரு கைமாற்றம். ஒரு முனையை அழித்தால் மறுமுனையும் தானே மறையும்.

வெளிமுனைகள் எல்லாம் ‘டாக்கர்0’ என்ற பாலத்தில் சேருகின்றன. இது மென்பொருளால் ஆன ஸ்விட்ச். பாலத்தின் முகவரி வழக்கமாக 172.17.0.1, முதல் கன்டெய்னருக்கு 172.17.0.2. இப்படி 65,000க்கும் மேற்பட்ட முகவரிகள் கைவசம் உண்டு. கார்டு என்றால் ஆறு பைட் கொண்ட மேக் முகவரியும் வேண்டுமே! உற்பத்தியாளர் இல்லாத கார்டுக்கு அதை யார் தருவது? டாக்கர் நெடுங்காலம் செய்துவந்த தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது: முதல் இரண்டு பைட்டுகள் 02, 42, மீதி நான்கில் ஐ.பி. முகவரியையே வைத்துவிடுவது. பாலத்தில் ஐ.பி. மோதாதவரை மேக்கும் மோதாது.

இனிதான் கடினமான கட்டம். 172.17 என்று தொடங்குவது வீட்டுக்குள் புழங்கும் தனியார் முகவரி. பொது இணையத்தில் செல்லாது. இங்கே நிரலாளர் ரஸ்டி ரஸ்ஸல் தொடங்கிய ‘நெட்ஃபில்டர்’ உதவுகிறது. 2001இல் வந்த 2.4 கர்னலிலிருந்தே இருக்கும் பகுதி இது. அலுவலகத்தில் தபால் அனுப்பும் எழுத்தரைப் போல, வெளியே போகும் பொதியில் அனுப்புநர் முகவரியை அடித்துவிட்டு சர்வரின் முகவரியை எழுதுகிறது. யாருடையது என்று பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் பதிவேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. நிறுவப்பட்ட ஒரு டிசிபி இணைப்பு பேச்சுமூச்சின்றிக் கிடந்தாலும், அந்தக் குறிப்பை வழக்கமாக 4,32,000 நொடிகள், அதாவது ஐந்து நாள், அழிக்காமல் வைத்திருக்கும்.

வெளியிலிருந்து உள்ளே வர, சர்வரின் 8080ஐக் கன்டெய்னரின் 80க்குத் திருப்பிவிடுமாறு டாக்கரிடம் சொன்னால் போதும். வசதிதான், ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. உபுண்டுவின் ‘யுஎஃப்டபிள்யூ’ தடுப்புச்சுவரில் அந்தப் போர்ட்டை மூடியிருந்தாலும், பொதி அந்த விதிகளைத் தொடாமலே திசைமாறிக் கன்டெய்னருக்குப் போய்விடும். ஆகவே தரவுத்தளத்தைக் கன்டெய்னரில் ஓட்டுபவர்கள் போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று சேர்த்து எழுதுங்கள். அப்போது அது அந்தச் சர்வருக்குள் மட்டும் திறந்திருக்கும்.