கேட்காத காலமும் கேட்கும் காலமும்

2007-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இராக்கிலோ ஆப்கானிஸ்தானிலோ காயமடைந்து ஊர் திரும்பிய ஓர் அமெரிக்கச் சிப்பாய், ராணுவ மருத்துவ நடைமுறைகளுக்குள் நுழைந்து வெளியேறுவதற்குள் 22 ஆவணங்களை எட்டு அலுவலகங்களில் கொடுத்தாக வேண்டும். அந்தத் தாள்களைக் கையாள 16 கணினி அமைப்புகள் இருந்தன. ஒன்றில் பதிந்தது பெரும்பாலும் மற்றொன்றுக்குத் தெரியாது. அவருடைய காயம், பணிக்காலம், பதக்கம் என அனைத்தையும் அரசு எழுதி வாங்கியது. அரசு தன்னை நடத்தும் விதத்தைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று விசாரிப்பது மட்டும் அந்த எட்டு அலுவலகங்களில் யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

இன்று அதே நாட்டில், ஊன இழப்பீட்டுக்கு விண்ணப்பித்த முன்னாள் வீரருக்கு மின்னஞ்சலில் ஒரு கேள்வித்தாள் வரக்கூடும். வேலை எளிதாக முடிந்ததா, தேவை நிறைவேறியதா, உங்களை மதித்து நடத்தினார்களா, எங்களை நம்புகிறீர்களா என்று அது கேட்கும். சில நிமிடங்களில் பதில் சொல்லிவிடலாம். இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை.

அதற்கு முந்தைய காலம் நீண்டது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862-இல் இயற்றிய ஓய்வூதியச் சட்டம், முற்றிலும் செயலிழந்த சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர் என்று வகுத்தது. பாதிப்பு குறைந்தால் அதில் ஒரு பங்கு கிடைக்கும். எவ்வளவு பங்கு என்பதை அரசு நியமித்த மருத்துவர் பார்த்துச் சொல்வார். பிறகு பங்குகள் சதவீதங்கள் ஆயின. 1945-இல் வந்த மதிப்பீட்டு அட்டவணை, பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சுழியத்தில் தொடங்கிப் பத்துப் பத்தாக ஏறி நூறில் முடியும் அளவு அது. 1949-இல் வந்த சட்டம் ராணுவத்தின் பக்கம் ஒரு கோட்டைக் கிழித்தது. பணிக்குத் தகுதியற்றவர் என்று முடிவான வீரருக்கு, இருபது ஆண்டுப் பணி முடியாத நிலையில், 30 சதவீதமோ அதற்கு மேலோ கிடைத்தால் ஓய்வூதியமும் குடும்பத்துக்கு மருத்துவ வசதியும் உண்டு. அதற்குக் கீழே என்றால், ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

அந்தக் கோடு எத்தனை கூர்மையானது என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். ஒரு வீரருக்கு முழங்கால் சிதைவு, இடைவிடாத காதிரைச்சல், போரின் மனவடு என மூன்று பாதிப்புகள் என்று வைத்துக்கொள்வோம். அவரைப் பணிக்குத் தகுதியற்றவர் ஆக்கிய பாதிப்பை மட்டுமே ராணுவம் அளக்கும். அது முழங்கால்தான் என்று முடிவானால், 20 சதவீதம், ஓய்வூதியம் இல்லை. சீருடையைக் கழற்றிய பிறகு அவர் முன்னாள் படைவீரர் நலத் துறைக்குப் போவார். அத்துறை, பணியால் நேர்ந்த எல்லாப் பாதிப்புகளையும் அளக்கும்: மனவடுவுக்கு 50, முழங்காலுக்கு 20, காதுக்கு 10. இவற்றை அப்படியே கூட்டிவிடுவதில்லை. முதலில் 50 போக மீதமுள்ள 50-இல் 20 சதவீதம், அதாவது 10, ஆக 60. மீதமுள்ள 40-இல் 10 சதவீதம் 4, ஆக 64. அதை 60 என்று முழுமையாக்குவார்கள். ஒரே உடலை ஒரே அரசின் இரண்டு துறைகள் தனித்தனியே பரிசோதித்து, ஒன்று 20 என்றும் மற்றொன்று 60 என்றும் எழுதிக் கொடுத்தன. இரண்டு எண்ணும் விதிப்படி சரியானவை. அவற்றைக் கையில் வைத்திருந்தவருக்கு அது சரியாகப் பட்டதா என்பதற்கு மட்டும் எந்த விதியும் இல்லை.

இரண்டு நடைமுறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக முடிய, சராசரியாக 540 நாட்கள் ஆகும் என்று அரசே பிற்பாடு மதிப்பிட்டது. ராணுவச் சம்பளம் நின்ற நாளுக்கும் இழப்பீடு வரத் தொடங்கிய நாளுக்கும் இடையே பல குடும்பங்கள் கடன் வாங்கியும் சேமிப்பைக் கரைத்தும் காலம் தள்ளின.

2007 பிப்ரவரியில் கேட்காத காலத்தின் அமைதி கலைந்தது. வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையின் வெளிநோயாளிகள் தங்கியிருந்த 18-ஆம் எண் கட்டடத்தைப் பற்றி வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் டேனா பிரீஸ்டும் ஆன் ஹல்லும் எழுதினார்கள். பூஞ்சை படர்ந்த சுவர்களையும் எலிகளையும் எழுதினார்கள். கூடவே, தாள்களுக்கு நடுவே மாதக்கணக்கில் காத்துக் கிடந்த மனிதர்களையும் எழுதினார்கள். ராணுவச் செயலர் பிரான்சிஸ் ஹார்வி பதவி விலகினார். மருத்துவமனையின் தலைமைத் தளபதி நீக்கப்பட்டார். பூஞ்சையைச் சில வாரங்களில் சுரண்டி எடுத்துவிட முடிந்தது. மதிப்பீட்டு முறையை அப்படிச் சரிசெய்ய முடியவில்லை.

அதற்காக அமைந்த குடியரசுத் தலைவர் ஆணையத்துக்கு முன்னாள் செனட்டர் பாப் டோலும் முன்னாள் சுகாதாரத் துறைச் செயலர் டோனா ஷலேலாவும் தலைமை ஏற்றனர். டோல் 1945-இல் இத்தாலியப் போர்முனையில் படுகாயமடைந்து, வலக்கையின் பயன்பாட்டை இழந்து, சுமார் மூன்று ஆண்டுகளை மருத்துவமனைகளில் கழித்தவர். அவர் தலைமையேற்ற ஆணையம் காயமடைந்த வீரர்களிடமே கேட்டது. நாடு தழுவிய கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. ஊன மதிப்பீட்டு முறையில் திருப்தி என்று சொன்னவர்கள் பாதிக்கும் குறைவாகவே இருந்தனர். மருத்துவமனை வராந்தாக்களில் எல்லாரும் அறிந்திருந்த விஷயம்தான் அது. ஆனாலும் வராந்தாவில் பேசுவது முறையீடாகவே நின்றுவிடும். அதே பேச்சு அறிக்கையின் பக்கத்தில் எண்ணாக ஏறியபோது, அதற்குப் பதில் சொல்லும் கடமை அரசுக்கு வந்தது.

பதிலும் வந்தது. 2007 நவம்பரில் வாஷிங்டன் வட்டாரத்தின் மூன்று ராணுவ மருத்துவமனைகளில் புதிய முறை சோதனையாகத் தொடங்கியது. இரண்டு பரிசோதனைகளுக்குப் பதில் ஒன்று. இரண்டு துறைகளும் தனித்தனியே சதவீதம் போட்டது போய், பணிக்குத் தகுதியற்றவர் ஆக்கிய பாதிப்புக்கு நலத் துறை போடும் சதவீதத்தையே ராணுவமும் ஏற்றுக்கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, சீருடையைக் கழற்றும் முன்பே தனக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை வீரர் தெரிந்துகொள்ள முடிந்தது. 2011-க்குள் இம்முறை உலகெங்கும் உள்ள அமெரிக்க ராணுவ மையங்களுக்குப் பரவியது. பழைய 540 நாட்களுக்குப் பதில் 295 நாட்கள் என்பது இலக்கு. முன்னமே 20 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ பெற்று அனுப்பப்பட்டவர்களையும் மறக்கவில்லை. 2001 செப்டம்பர் 11 முதல் 2009 இறுதி வரை அப்படி வெளியேறியவர்களின் கோப்புகளை மறுபடி திறந்து பார்க்க ஒரு வாரியம் அமைக்கச் சட்டம் வந்தது.

இழந்தவையும் உண்டு. பழைய முறையில் ராணுவத்தின் பங்கு முடிந்ததும் வீரர் வீட்டுக்குப் போய்விடலாம். நிச்சயமற்ற காத்திருப்பு என்றாலும், அது தன் ஊரில், தன் மக்களோடு. புதிய முறையில் எல்லாம் முடியும்வரை படை முகாமிலேயே இருக்க வேண்டும். பழைய வேலை கிடையாது. புதிய வேலைக்கோ படிப்புக்கோ தேதி சொல்ல முடியாது. அந்தக் காத்திருப்பும் இலக்கைத் தாண்டியது. பணியில் உள்ள வீரர்களின் கோப்புகள் முடிய 2011 நிதியாண்டில் சராசரியாக 394 நாட்கள் ஆயின. பிற்பாடு இலக்கை 230 ஆகவும், பிறகு 180 ஆகவும் குறைத்தார்கள்.

புதிய முறையோடு கேள்வி கேட்கும் வழக்கமும் வந்தது. மருத்துவ வாரியம், தகுதி வாரியம், வெளியேற்றம் என ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வீரரிடம் திருப்தியைப் பற்றிக் கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து படிகள். மூன்றாவது படி, திருப்தியும் இல்லை, அதிருப்தியும் இல்லை என்பது. தேர்ந்தெடுத்த கேள்விகளுக்கான விடைகளின் சராசரி மூன்றைத் தாண்டினால், அவர் திருப்தியடைந்தவர் என்று பாதுகாப்புத் துறை கணக்கில் எழுதியது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்காகத் தணிக்கை செய்யும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2012-இல் இந்தக் கணக்கை எடுத்துப் பார்த்தது. எல்லாக் கேள்விகளுக்கும் நான்கோ ஐந்தோ சொன்னவரை மட்டுமே திருப்தியடைந்தவர் என்று எண்ணிப் பார்த்தபோது, துறை சொன்ன அளவைவிடத் திருப்தி வெகுவாகக் குறைந்துபோனது.

விடைகளில் ஒன்றுகூட மாறவில்லை; எண்ணும் முறை மட்டுமே மாறியது. பத்துக் கேள்விகளில் ஒன்பதுக்கு மூன்றும் ஒன்றுக்கு நான்கும் போட்ட ஒருவரை நினைத்துப் பார்க்கலாம். அவருடைய சராசரி 3.1. அவர் புகாரும் சொல்லவில்லை, பாராட்டவும் இல்லை. ஏறக்குறைய மௌனமாக இருந்தார். பழைய காலம் அவரிடம் கேட்கவில்லை. புதிய காலம் கேட்டது. கேட்டுவிட்டு, அவருடைய மௌனத்தைச் சம்மதத்தின் பக்கம் சேர்த்தது.

காகிதத்தின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரில் உள்ள நலத் துறை வட்டார அலுவலகத்தில், 2012-இல் ஆய்வாளர்கள் சுமார் 37,000 கோப்புகள் அலமாரிகளின் தலைமேல் அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டார்கள். உள்ளே இடமில்லாததால் மேலே ஏறியவை. அந்தப் பாரத்தைக் கட்டடம் தாங்குமா என்ற கவலையும் அவர்களுக்கு எழுந்தது. ஒவ்வொரு கோப்பும் ஒரு மனிதரின் முதுகுவலி, செவிடு, தூக்கமின்மை. 2013 மார்ச்சில் 125 நாட்களைத் தாண்டித் தேங்கிய விண்ணப்பங்கள் நாடு முழுவதும் ஆறு லட்சத்துக்கு மேல் இருந்தன. இன்று அந்த அடுக்குகள் இல்லை. கோப்புகள் கணினிக்குள் போய்விட்டன. ஓர் ஊரில் தொடுத்த விண்ணப்பத்தை வேறோர் ஊரில் உள்ளவர் முடித்துவைக்கிறார். வேகம் கூடியிருக்கிறது. முன்பு பெரும்பாலும் நலத் துறையின் சொந்த மருத்துவர்களே செய்த பரிசோதனையை, இன்று பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனங்களின் மருத்துவர்கள் செய்கிறார்கள். அந்த வட்டாரத்தையும் அங்குள்ள வீரர்களையும் பல ஆண்டுகளாகப் பழகி அறிந்த மருத்துவரின் இடத்தில், முதலும் கடைசியுமாக ஒருமுறை மட்டும் பார்க்கும் ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். அவர் நிரப்பும் படிவம் முன்பைவிட ஒழுங்கானது. அவரிடம் மனம்விட்டுப் பேச வீரருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு.

கேட்கும் கலையும் வளர்ந்திருக்கிறது. கார் வாங்கியவர்களின் திருப்தியை அளந்து பெயர் பெற்ற ஜே.டி. பவர் நிறுவனம், 2010-களில் இழப்பீடு பெறும் வீரர்களின் திருப்தியை 1,000 புள்ளிகளில் அளந்தது. கணக்கெடுப்பு நடத்தும் முன் அரசு இதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும்; ஒருவருக்குப் பதில் சொல்ல எத்தனை நிமிடம் ஆகும் என்பதையும் அதில் சொல்ல வேண்டும். நலத் துறை முழுவதன்மீதும் வீரர்களுக்குள்ள நம்பிக்கை 2016-இல் 55 சதவீதம் என்றும், 2024-இல் 80 சதவீதம் என்றும் துறை வெளியிட்டிருக்கிறது. இது ஊன மதிப்பீட்டை மட்டும் பற்றிய எண் அல்ல. ஆனாலும் எளிதில் ஒதுக்கக்கூடிய எண்ணும் அல்ல. கேட்காத காலத்தில் இப்படி ஒரு எண் ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை.

எந்த எண்ணாலும் எளிதில் பிரித்துக் காட்ட முடியாதது ஒன்று இருக்கிறது. 70 சதவீதம் கிடைத்தவர், நடைமுறையில் எத்தனை அலைந்திருந்தாலும், திருப்தி என்றே எழுதக்கூடும். 20 கிடைத்தவர், எத்தனை அன்பாக நடத்தப்பட்டிருந்தாலும், இல்லை என்று எழுதக்கூடும். ஆகவே முடிவு பிடித்ததா என்பதையும் வழி நியாயமாக இருந்ததா என்பதையும் தனித்தனியே கேட்க வேண்டும். என் முழங்காலை மட்டும் ஏன் எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டவருக்கு யாராவது உட்கார்ந்து காரணம் சொன்னார்களா? திருப்தியைவிட அந்தக் கேள்விக்கான விடை முக்கியமானது. தோற்றவரும் ஏற்றுக்கொள்ளும்படி நடந்த நடைமுறையே நியாயமானது.

இன்னொன்றும் நடந்தது. கட்டம்தோறும் நடந்துவந்த அந்தக் கணக்கெடுப்பைப் பாதுகாப்புத் துறை, நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி 2011 டிசம்பரில் நிறுத்திவைத்தது. காத்திருப்பு 394 நாட்களைத் தொட்டிருந்த நேரம் அது. வீரர்களின் குரல் மிகவும் தேவைப்பட்டபோது கேட்பது நின்றது. பரிசோதனையைப் பணமில்லை என்று நிறுத்த முடியாது. சதவீதம் போடுவதை நிறுத்த முடியாது. அவை சட்டம் தந்த உரிமைகள். கேட்பது மட்டும் அலுவலகத்தின் விருப்பத்தில் இருந்ததால் செலவுக் குறைப்பில் போனது. 1862-இல் மருத்துவர் சொன்ன பங்கை வாங்கிக்கொண்டு போன சிப்பாயிலிருந்து இன்றைய வீரர் வெகுதூரம் வந்துவிட்டார். மீதமுள்ள தூரம், அவரிடம் கேட்பதும் அவருடைய உரிமைகளில் ஒன்றாகச் சட்டத்தில் ஏறுவதுதான்.